திருச்சி டூ கோலாலம்பூர், ஆளுக்கு 7 கிலோ: டிராலிப் பெட்டியைப் பிரித்துப் போட்ட கதை

அக்கா மலேசியாவில், கிள்ளானில் புது வீடு கட்டிக் குடிபோகிறாள். அம்மாவும் நானும் போக வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியா டிக்கெட் போடும்போது, கவுன்டரில் ஒப்படைத்து அனுப்புகிற பெட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் ஒரு விலை, போக வர ரெண்டு பேருக்கும் 20 கிலோ சேர்த்தால் இன்னொரு விலை. அந்த வித்தியாசத்துக்கு அக்கா வீட்டுக்கு ஒரு நல்ல குத்துவிளக்கே வாங்கலாம். சரி, போகும்போது கைப்பையோடு போவோம் என்று முடிவெடுத்து, அதற்காக என்னென்ன செய்தேன் என்பதை எடையோடு எழுதி வைக்கிறேன். யாராவது அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவலாம்.

விதி இதுதான். ஆளுக்கு ரெண்டு உருப்படி. பெரியது 56 × 36 × 23 செ.மீ., சின்னது 40 × 30 × 10 செ.மீ. ரெண்டும் சேர்ந்து 7 கிலோ. கவனிக்க, தனித்தனியாக 7 இல்லை, சேர்ந்து 7. ஸ்கூட் விமானத்தில் எகானமிக்கு 10 கிலோ கொடுக்கிறார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, அதனால் டிக்கெட் எடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குத் தனிக் காசு என்பது மலிவு விமானங்களோடு மட்டும் நின்ற பழக்கமும் இல்லை. 2008-ல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று போட்டது, அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் வரிசையாக ஆரம்பித்தன. கவுன்டரில் போய் நின்று கூடுதல் எடைக்குப் பணம் கட்டுவது முன்கூட்டியே இணையத்தில் வாங்குவதை விட எப்போதும் அதிகம், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 56 × 36 × 23 என்றால் கிட்டத்தட்ட 46 லிட்டர். சின்னப் பை 12 லிட்டர். ஆக 58 லிட்டர் இடம், அதற்கு 7 கிலோ. துணியை ஓரளவு அழுத்தி மடித்தால் லிட்டருக்குக் கால் கிலோ வரை வரும் என்று வைத்தாலும், பெரிய பையை நிரப்பினாலே 11 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது பஞ்சம் எடைக்குத்தான், இடத்துக்கு இல்லை. இது புரிந்தால் கடையில் விற்கிற வேக்குவம் பைகளையும் கம்ப்ரஷன் பைகளையும் வாங்க மாட்டீர்கள். அவை இடத்தை மிச்சம் பிடிக்கும், அந்த மிச்ச இடத்தில் இன்னும் ரெண்டு துணி போடச் சொல்லும், பையின் எடை ஏறும், தவிர அந்தப் பைகளுக்கே தனி எடை உண்டு. எத்தனையோ வீடியோக்களில் இதைத்தான் முதல் யோசனையாகச் சொல்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

முதல் வேலை தராசு. சமையலறையில் இருக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு கிராம் கணக்குக்குப் போதும். பைக்குக் கொக்கித் தராசு, 50 கிலோ வரை காட்டுகிற மலிவான டிஜிட்டல் ரகம். அதை நம்புவதற்கு முன் சோதித்தேன். ஒரு லிட்டர் பாட்டில் 5 எடுத்துத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் பாட்டிலோடு சரியாக 1,000 கிராமுக்குக் கொண்டுவந்து, மஞ்சப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். பையின் எடையைக் கழித்தால் 4.96 காட்டியது. 40 கிராம் குறைவாகக் காட்டுகிற தராசு ஆபத்தான தராசு, அது 7.00 என்று சொல்லும்போது உண்மையில் 7.05-க்கு மேல் இருக்கும். அதனால் என் இலக்கு 6.85, அதற்கு மேல் ஒரு கைக்குட்டை கூட இல்லை என்று வைத்துக்கொண்டேன். இன்னொன்று, கையால் தூக்கிப் பிடித்தால் கை ஆட ஆட எண் ஆடும், எங்கே நிற்கிறதோ அதைப் பூட்டிக் காட்டிவிடும். எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. அதில் கயிறு கட்டித் தராசை மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே எண். ஊஞ்சல் கொக்கி இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியில் மாட்டலாம், பை சுவரில் உரசாமல் இருந்தால் சரி.

அம்மா எடுத்து வைத்த பொருளையெல்லாம் பெட்டியோடு தொங்கவிட்டால் 13 கிலோவைத் தாண்டியது. அதில் பெட்டி மட்டும் 2,640 கிராம்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. 7 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பெட்டி. அது துணி போர்த்திய 20 இஞ்ச் ரெண்டு சக்கர டிராலி, ஏற்கெனவே கைப்பிடி பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் வராது கீழேயும் போகாது, ஒரு சக்கரம் தேய்ந்து வட்டமாகவே இல்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. புதிதாக லேசான பை வாங்கலாம்தான், 600 கிராமுக்கு உள்ளேயே ஜிப் வைத்த பயணப் பை கிடைக்கிறது, பெட்டியே இல்லாதவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அம்மாவுக்கு முதுகுப்பை வேண்டாம், துணிப்பை என்றால் "சந்தைக்குப் போற மாதிரி இருக்குடா" என்பார். கெட்டுப்போன டிராலி கையில் இருக்கும்போது அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க எனக்கும் முடியவில்லை.

பிரிப்பது நினைத்ததை விட எளிது. பெட்டியைத் திறந்தால் உள்துணியில் அடிப்பக்கம் ஒரு ஜிப் இருக்கும், பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதைத் திறந்து உள்துணியை ஒதுக்கினால் ரெண்டு அலுமினியக் குழாய் நீளமாகப் போவது தெரியும். மேல்முனையில் கைப்பிடிக் கூடு, கீழ்முனையில் சக்கரக் கூடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி. எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூதான். மேலே 4, கீழே 4, மூடிக்குத் தனியாகக் குட்டி ஸ்க்ரூக்கள். கீழே இருந்த ரெண்டு ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை வழுக்கியது. ஸ்க்ரூடிரைவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டைத் தட்டையாக வைத்து அழுத்தித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் வந்தது. கைப்பிடி முழுசாக வெளியே வந்ததும் எடை போட்டேன், 610 கிராம். நடு மூடி 140.

சக்கரம்தான் கொஞ்சம் பாடாய்ப் படுத்தியது. அது ஸ்க்ரூ இல்லை, ரிவெட். ரிவெட்டின் தலையை ட்ரில் வைத்துக் குடைந்து எடுக்க வேண்டும். 4 மி.மீ. பிட்டால் நடுவில் குழி போட்டு, அப்புறம் 5 மி.மீ. பிட்டால் குடைந்தால் தலை வளையமாகக் கழன்று வரும். ரிவெட் பிட்டோடு சேர்ந்தே சுற்ற ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் அறுபடாது, சூடு ஏறித் துணி உருக ஆரம்பிக்கும், அப்போது பின்பக்கம் கட்டிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியத் தூள் முகத்துக்கே வரும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், மொட்டை மாடியில் செய்தேன், அப்படியும் ரெண்டு நாள் கழித்து அம்மா காலில் ஒரு சுருள் குத்தியது. சக்கரங்களும் அடிக்கூடும் சேர்ந்து 380. உள்ளே இருந்த வலைப் பை, குறுக்குப் பட்டை, பெல்ட் கொக்கி எல்லாம் கத்தரித்து எடுத்ததில் இன்னும் 90. மொத்தம் 1,220 கிராம் தரையில் கிடந்தது.

இப்போது பெட்டி 1,420 கிராம், ஆனால் அது பெட்டியாக இல்லை. சக்கரக் கூடு போனதால் கீழே ரெண்டு மூலையும் தொளதொளவென்று மடங்கியது, கைப்பிடி இருந்த இடத்தில் நீளமாக ஓர் ஓட்டை. அடிக்கு சன்பேக் ஷீட் வைத்தேன். விளம்பரத் தட்டிக்குப் பயன்படுத்துகிற அந்த 4 மி.மீ. பிளாஸ்டிக் அட்டை, பழசு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், வெயிட்டே இருக்காது. அடியின் அளவுக்கு ஒரு துண்டு, ரெண்டு மூலைக்கும் எல் வடிவில் மடித்த ரெண்டு துண்டு. மடிக்கிற இடத்தில் ஒரு பக்கத் தோலை மட்டும் கத்தியால் கீறினால் சுத்தமாக மடியும், முழுக்க வெட்டிவிட்டால் பலம் போய்விடும். ஷீட்டின் உள்குழாய்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள், பெட்டியின் நீளவாக்கில் ஓடினால்தான் வளையாமல் நிற்கும். ஓட்டைகளுக்குப் பழைய குடைத் துணியை ரெண்டு மடிப்பாக வைத்து ஃபெவிபாண்ட் தடவி ஒட்டி, சுற்றிலும் கோணி ஊசியும் நைலான் நூலும் வைத்துத் தைத்தேன்.

தோள்பட்டை மட்டும் நான் தைக்கவில்லை. அதில்தான் முழு எடையும் தொங்கும். 38 மி.மீ. நைலான் பட்டையும் ரெண்டு டி வளையமும் வாங்கி, முனையை லைட்டரில் காட்டி உருக்கிவிட்டு, செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தேன். சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்கே எக்ஸ் மாதிரி ஒரு தையல் போடச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும், நீங்க ஓரமா நில்லுங்க" என்றார். அவர் போட்ட தையல் என்னைத் தூக்கிக் கட்டினாலும் தாங்கும். பட்டை, வளையம், ஷீட் எல்லாம் சேர்ந்து 110 கிராம். ஆக முடிவில் 1,530. ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். சக்கரம் போனதில் இன்னொரு லாபம், உயரம் 55-லிருந்து 50-க்கு வந்தது. கடைக்காரர் 20 இஞ்ச் என்று சொல்கிற அளவில் பல நேரம் சக்கரம் சேர்ந்திருக்காது, விமானக்காரர்கள் சக்கரத்தையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். ஒரு பழைய அட்டைப்பெட்டியை 56 × 36 × 23-க்கு வெட்டி ஒட்டி அதற்குள் இறக்கிப் பார்த்தேன், லேசாக இறங்கியது.

சக்கரம் இல்லாமல் அம்மா எப்படித் தூக்குவார் என்று கேட்பீர்கள். தூக்க மாட்டார், நான்தான் தூக்கினேன். என் முதுகில் 780 கிராம் முதுகுப்பை, தோளில் அம்மாவுடையது, அம்மா கையில் சின்னப் பை மட்டும். இதற்கு ஒத்துக்கொள்ள முடியாதவர்கள், முதுகுவலி இருப்பவர்கள் சக்கரத்தை எடுக்காதீர்கள். கோலாலம்பூர் டெர்மினல் 2-ல் கேட்டிலிருந்து வெளியே வர நடக்கிற நடை கொஞ்சநஞ்சம் இல்லை.

பெட்டி முடிந்ததும் துணி. என் பக்கம் சுலபம்: ஜீன்ஸும் ஷூவும் உடம்பிலேயே, மீதி டி-ஷர்ட், ஒரு லேசான பேன்ட், விழாவுக்கு ஒரு வேட்டி சட்டை. ஜீன்ஸ் 680, ஷூ 640, இந்த ரெண்டையும் பையில் வைத்திருந்தால் 1.3 கிலோ போச்சு. டவல் எடுக்கவில்லை, அக்கா வீட்டில் இல்லாத டவலா, அப்படி வேண்டும் என்றால் ஈரிழைத் துண்டு, 170 கிராம், டர்க்கி டவலில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. துவைத்த துணியை அந்தத் துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து காயப்போட்டால் மலேசியாவின் அந்தப் புழுக்கத்திலும் காலைக்குள் காய்ந்துவிடும். லேப்டாப்பை விட்டுவிட்டேன். போனுக்கு ஒரு சார்ஜர், அங்கே சதுர முனை மூன்று பின் பிளக் என்பதால் ஒரு அடாப்டர், ஒரு பவர் பேங்க். 20,000 mAh-க்குப் பதில் 10,000 mAh எடுத்ததில் 170 கிராம் குறைந்தது. பவர் பேங்க் எப்போதும் கைப்பையிலேயே இருக்க வேண்டும், கவுன்டரில் போடுகிற பெட்டியில் வைக்கவே கூடாது. 2025 ஜனவரியில் பூசானில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்ததற்குப் பிறகு பல கம்பெனிகள் இதில் இன்னும் கறாராகிவிட்டன.

அம்மாவுடைய புடவைகள் வேறு விஷயம். அங்கே நான் தராசை மட்டும் பேசவிட்டேன். பட்டுப் புடவை 790. அதைத் தொட முடியாது, மகள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு அம்மா பட்டு கட்டாமல் நிற்பாரா. ஆனால் மற்ற நாளைக்கு எடுத்து வைத்திருந்த காட்டன் புடவைகள் ஒவ்வொன்றும் 500-ஐ ஒட்டி வந்தன, பூனம் புடவை 310 தான், துவைத்தால் சட்டென்று காயும், இஸ்திரியும் வேண்டாம். ரெண்டையும் அடுத்தடுத்து தராசில் வைத்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துவிட்டு அவரே காட்டனை எடுத்து பீரோவில் வைத்தார். நான் வாயால் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அதற்கப்புறம் அவருக்கே ருசி பிடித்துவிட்டது, ஜாக்கெட்டை எல்லாம் தராசில் வைத்து, "இது 90, அது 115, இதையே வச்சுக்கலாம்" என்று அவரே பிரிக்க ஆரம்பித்தார்.

கடைசியாகத் தின்பண்டம். "துணியைக் கூடக் குறைச்சுக்கலாம்டா, மக வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?" இதற்குப் பதில் கிடையாது. அதனால் எது போகும் எது போகாது என்று மட்டும் பார்த்தோம். அம்மா எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருந்தார். 4 டப்பாவைக் காலி செய்து எடை போட்டால் 1,080 கிராம், உள்ளே இருந்த சாமானே அவ்வளவு வராது. எல்லாம் ஜிப் கவருக்கு மாறியது. ஊறுகாய் வேண்டாம் என்றேன். எண்ணெயும் தண்ணீரும் சுமந்துகொண்டு போவதற்குச் சமம், அதோடு கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மி.லி. பாட்டிலுக்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கவருக்குள் என்ற விதி வேறு. 2006-ல் லண்டனில் விமானத்தில் திரவ வெடி வைக்கத் திட்டமிட்டவர்களைப் பிடித்த பிறகு வந்த விதி. பாட்டிலின் அளவுதான் கணக்கு, 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி தேங்காய் எண்ணெய் இருந்தாலும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மிளகாய்ப் பொடியும் கைப்பையில் வேண்டாம், சோதனையில் மாட்டும். பருப்புப் பொடிக்கு அங்கே நின்று விளக்கம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, அதையும் விட்டோம்.

போனது வற்றல் வகையறா. சுண்டைக்காய், மணத்தக்காளி, வடகம், அப்பளம். வெயிலில் தண்ணீரை எல்லாம் விட்டுவிட்டு வந்த சாமான், 100 கிராம் மணத்தக்காளியில் எத்தனை நாள் குழம்பு வைக்கலாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அம்மா கையால் போட்ட வடகம் அங்கே விற்காது. கறிவேப்பிலை ஓர் இணுக்கு கூட வேண்டாம் என்றேன். செடி, பழம், விதைக்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு உண்டு, தவிர அக்கா வீட்டு வாசலிலேயே மரம் நிற்கிறது. மணப்பாறை முறுக்கு அரை கிலோ மட்டும் அம்மா பையில் இடிக்க, பாதியை என் பைக்கு மாற்றினேன். ஊஞ்சல் கொக்கியில் கடைசி எண்: அம்மாவுடைய ரெண்டு உருப்படியும் சேர்ந்து 6.83, என்னுடையது 6.41.

திருச்சி கவுன்டரில் ரெண்டு பேர் பையையும் சின்னப் பையோடு சேர்த்தே தராசில் வைக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு 6.9 காட்டியது, எனக்கு 6.5. சீட்டைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வரிசையில் ஒருவர் பெட்டியைத் தரையில் திறந்து வைத்து ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் போட்டதை எடை போட மாட்டார்கள் என்பது நிஜம்தான், ஆனால் திருச்சி வெயிலில் அதைப் பார்க்கவே வேர்த்தது.

பெட்டி தாங்கியதா என்றால், தாங்கியது. பட்டைத் தையல் அசையவில்லை, அடி தொங்கவில்லை. கைப்பிடி ஓட்டைக்கு ஒட்டிய குடைத் துணியின் ஓரம் மட்டும் ஒரு பக்கம் பிரிந்து நிற்கிறது. அடுத்த தடவை அங்கே ரெக்சின் வைத்துத் தைக்க வேண்டும். உள்துணி ஜிப்பையும் எடுத்துவிடலாம், அதற்கு இனி வேலை இல்லை.

திரும்பி வரும்போது இந்த வித்தை எதுவும் செய்யவில்லை. மகள் வீட்டிலிருந்து அம்மா 7 கிலோவோடு வருவார் என்று எந்த முட்டாளும் எதிர்பார்க்க மாட்டான். டிக்கெட் போடும்போதே வருகிற பயணத்துக்கு மட்டும், ஒருவர் பெயரில் மட்டும் 20 கிலோ சேர்த்திருந்தேன், போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாகச் சேர்க்க முடியும். மைலோ, கோடாரித் தைலம், பிஸ்கெட் டின், பேரன் பேத்திகளுக்குச் சாக்லேட் என்று ஓர் அட்டைப்பெட்டி நிறைந்தது. பிஸ்கெட்டை டின்னிலிருந்து எடுத்துக் கவரில் போடலாம் என்றேன், டின்னுக்காகத்தான் வாங்கினேன் என்றார். கொக்கித் தராசை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், 90 கிராம். அக்கா வீட்டு மாடிப்படிக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டால் 19.7. தராசு குறைத்துக் காட்டுவதைக் கணக்கில் சேர்த்தால் கிட்டத்தட்ட 19.9 வரும், டேப் சுற்றினால் தாண்டிவிடும். ஒரு மைலோ பாக்கெட்டை எடுத்து என் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு டேப்பைச் சுற்றினேன்.